கைதட்டி அண்ணை இல்லாமல் ஜெயித்த பாட்டு

மொன்றியல் மாநகரத்தில் ஒரு பாட்டு வெற்றி பெற்றதால் பாதிக்கப்பட்ட ஒரே மனிதர் எங்கள் கைதட்டி அண்ணைதான். பாட்டுத் தோற்றால் பாடியவன் அழுவான், எழுதியவன் அழுவான். அது உலக வழக்கம். பாட்டு ஜெயித்துவிட்டதே என்று ஜான்-டலோன் சந்தையில் ஒரு கத்தரிக்காய்ப் பெட்டியின் மேல் குந்தியிருந்து தலையில் கைவைத்த ஒருவரை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறேன். அவரோடு நான்கு வருடம் ஒரே குசினியில் சமைத்துச் சாப்பிட்டும் இருக்கிறேன். ஆகவே இந்த விஷயத்தில் என் சாட்சியம் எந்தக் கோர்ட்டிலும் செல்லும்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழிந்திருந்த காலம். பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடி அப்பார்ட்மெண்ட் ஒன்றில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். நான் ஒருவன். இன்னொருவன் தந்தி. ஒரு செய்தியை அவன் காதில் போட்டால் அரைமணி நேரத்தில் அது ரொக்ஸ்பரோவில் இருக்கும் அவனுடைய மாமிக்குப் போய்ச் சேரும். போகிற வழியில் கொஞ்சம் வளர்ந்தும் இருக்கும். மூன்றாவது ஆள் கைதட்டி அண்ணை. மன்னார்ப் பக்கம். ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர், மூன்று புனிதர்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய நீளமான பெயர். அதை முழுதாகச் சொல்லிக் கூப்பிடுவதற்குள் ஆள் பஸ் ஏறிப் போய்விடுவார் என்பதால் ஒருவரும் முயற்சி செய்யவில்லை.

கனடாவுக்கு வருமுன் அவர் ஆறு வருடம் இத்தாலியில், பலெர்மோ நகரத்தில் இருந்தவர். காலையில் ஒரு கிழவியின் வீட்டைத் துடைப்பது, பின்னேரத்தில் ஒரு பேக்கரிக்குக் கீழே இருந்த ரெக்கோர்டிங் ஸ்டூடியோவைக் கூட்டுவது. இதுதான் உத்தியோகம். ஒரு நாள் அங்கே நான்கு இளைஞர்கள் கிட்டாரும் டிரம்ஸும் கொண்டுவந்து ஒரு பாட்டைப் பதிவு செய்திருக்கிறார்கள். காதலி பிரிந்து போய்விட்டாள். போனது பரவாயில்லை, என் சைக்கிளைத் திருப்பித் தா என்று அவள் வீட்டு பால்கனிக்குக் கீழே நின்று ஒருவன் கெஞ்சுவதுதான் பாட்டு. பல்லவி வரும் இடத்தில் ஆறு பேர் சேர்ந்து கைதட்ட வேண்டும். இளைஞர்கள் நாலு பேர். ஐந்தாவதாக மேலே இருந்த பேக்கரிக்காரர் மாக்கையோடு இறங்கி வந்திருக்கிறார். ஆறாவது ஆளைத் தேடியபோது மூலையில் துடைப்பத்தோடு நின்றவர் எங்கள் அண்ணை. துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, போய்த் தட்டினார்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் இதைச் சொல்ல அவருக்கு நாற்பது நிமிடம் பிடிக்கும். கிழவியின் பூனையில் தொடங்கி, ஸ்டூடியோவின் இருபத்திரண்டு படிகளில் ஒவ்வொரு படியாக இறங்கி, மைக்கின் உயரம் என்ன, பேக்கரிக்காரர் எந்தப் பக்கம் நின்றார் எல்லாம் சொல்லி, கடைசியில் இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே உயர்த்துவார். அந்த இடத்தில் கதை முடியும். குளிர்சாதனப்பெட்டி திருத்த வந்தவனுக்கு இந்தக் கதையைப் பிரெஞ்சில் சொன்னார். வீட்டுக்காரருக்கு ஆங்கிலத்தில் சொன்னார். மூலையில் இருந்த தெப்பனேர்ச் சில்லறைக் கடைக்குப் பால் வாங்கப் போனவர், பாலைக் கையில் வைத்துக்கொண்டே கதையை முடித்து, பால் சூடாகி வீட்டுக்கு வந்த நாள்களும் உண்டு. அந்தப் பாட்டு எங்கே அண்ணை, ஒருக்காப் போடுங்கோவன் என்று கேட்டால் மட்டும் முகம் சுருங்கிவிடும். ரெக்கோட் ஒன்றுகூட விற்கவில்லையாம். பாடியவனின் தாயே வாங்க மறுத்துவிட்டாராம். அவரிடமும் பிரதி இல்லை. ஆகவே நாங்கள் அந்தக் கதையை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்திருந்தோம்.

ஒரு தரம் ரெக்கோர்டிங்குக்குப் போன கையென்பதால் அந்தக் கைகளுக்கு எங்கள் வீட்டில் கிடைத்த மரியாதை கொஞ்சமல்ல. வேலையால் வந்ததும் வெந்நீரில் உப்புப் போட்டு ஊறவைப்பார். தேங்காயெண்ணெய் பூசுவார். மாசி மாதக் குளிரில் நாங்கள் ஒரு சோடி கையுறையோடு விறைத்துக்கொண்டு போவோம். அவர் இரண்டு சோடி போட்டு, அதற்கு மேல் அடுப்புப் பாத்திரம் தூக்கும் தடித்த உறையையும் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பார். ஜான்-டலோன் சந்தையில் ஒரு இத்தாலிய முதலாளியின் காய்கறிக் கடையில் நானும் அவரும் ஒன்றாக வேலை செய்தோம். வேலை எடுத்துத் தந்தவரே அவர்தான், அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் நான்கு வருடமும் உருளைக்கிழங்கு மூட்டை முழுவதையும் தூக்கியவன் நான். அவர் தக்காளியைத் தடவி அடுக்குவார். கேட்டால் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டுவார், நான் ஏதோ வயலின் வித்துவானிடம் மண்வெட்டியைக் கொடுத்துவிட்டவன் போல.

இதைவிடப் பெரிய தொல்லை, அவர் எந்தச் சபையிலும் கைதட்ட மாட்டார். பிறந்தநாள் கேக் வெட்டும்போது எல்லோரும் தட்டிப் பாடுவார்கள். இவர் கையைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு, தட்டுகிறவர்களின் கையை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நிற்பார். அரங்கேற்றத்துக்குப் போனாலும் அப்படித்தான். ஆடிய பிள்ளையின் தாய் இன்றைக்கும் அவரோடு கதைப்பதில்லை. எங்கள் பங்குக் கோவிலில் ஒரு எழுப்புதல் கூட்டத்தில் முந்நூறு பேர் அல்லேலூயா பாடிக் கைதட்டிய நேரம், முன்வரிசையில் கக்கத்தில் கையோடு நின்றவரிடம் பாதிரியார் இறங்கி வந்து, மகனே, ஆண்டவருக்குக்கூடத் தட்டமாட்டீரோ என்று கேட்டார். ஆண்டவருக்கு என்னைத் தெரியும் சுவாமி என்று இவர் பதில் சொன்னார். தலைக்கனம் என்று சனம் பேசியது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பனி உருகின கையோடு ஒரு காலை. முதலாளியின் மேசையில் அவருடைய இத்தாலிய வானொலி கத்திக்கொண்டிருந்தது. அண்ணை கத்தரிக்காய்களைக் கோபுரமாக அடுக்கிக்கொண்டிருந்தார். திடீரென்று ஒரு கிட்டார் சத்தம். அவர் கையில் இருந்த கத்தரிக்காய் அப்படியே நின்றது.

"தம்பி, என்ர பாட்டு," என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் என்னை ஒரு கையால் பிடித்தார். மறுகையால், சுக்கினி வாங்க வந்த ஒரு இத்தாலியக் கிழவியைப் பிடித்தார். "அஸ்பெத்தா, அஸ்பெத்தா," கொஞ்சம் பொறுங்கள் என்று அவளிடம் இத்தாலியனில் கெஞ்சினார். உண்மையிலேயே ஒருவன் பாடிக்கொண்டிருந்தான். எனக்கு வந்த சந்தை இத்தாலியனில் சைக்கிள் என்ற சொல் தெளிவாகக் கேட்டது. நான்கு வருடமாகப் புளுகு என்று மடித்து வைத்திருந்த கதை வானொலியில் பாடுகிறது! பல்லவி நெருங்கியது. அண்ணை கண்ணை மூடினார்.

பல்லவியில் கைதட்டல் இல்லை. அந்த இடத்தில் ஏதோ மெஷின் டும் டும் என்று அடித்தது. சரி, இரண்டாம் பல்லவியில் வரும் என்று கிழவியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். இரண்டாம் பல்லவியிலும் டும் டும். மூன்றாம் பல்லவியில் காதை வானொலியோடு ஒட்டி வைத்துக் கேட்டார். பாட்டு முடிந்தது. கிழவி கையை உருவிக்கொண்டு, பைத்தியத்தைப் பார்க்கும் பார்வை ஒன்றைப் பார்த்துவிட்டு, சுக்கினி வாங்காமலே போனாள். அப்போதுதான் அவர் பெட்டிமேல் உட்கார்ந்து தலையில் கைவைத்தார்.

முதலாளி விவரம் சொன்னார். அந்த நான்கு இளைஞர்களும் இப்போது தொந்தி வைத்த நான்கு நடுவயதுக்காரர். பழைய பாட்டைத் தூசிதட்டி, வேகத்தைக் கூட்டி, மறுபடியும் பதிவு செய்திருக்கிறார்கள். முந்தி நாயும் சீண்டாத பாட்டு இந்த முறை இத்தாலி முழுக்கப் பிய்த்துக்கொண்டு போகிறதாம். இனி இங்கேயும் அதுதானாம்.

வீட்டுக்கு வந்து நான் சொல்ல, தந்தி கொஞ்சமும் இரக்கம் காட்டவில்லை. "அண்ணை, நீங்கள் தட்டேக்கை ஒருத்தரும் வாங்கேல்லை. நீங்கள் தட்டாமல் விட்டவுடன ஊரே வாங்குது. இதில யோசிக்க என்ன கிடக்கு?" என்றான். நான் சிரித்தேன். அண்ணை அன்றைக்குக் கையை வெந்நீரில் வைக்கவில்லை.

அந்தக் கோடை முழுவதும் பாட்டு எங்களைத் துரத்தியது. லிட்டில் இத்தாலியில் கார்க் கண்ணாடியை இறக்கினால் அதுதான். ஐஸ்கிரீம் கடையில் அதுதான். ஒரு தமிழ்ப் பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டில்கூட டிஜே அதைப் போட, சேலை கட்டிய மாமிமார் டும் டும்முக்கு இடுப்பை ஆட்டினார்கள். அண்ணை பாதை மாறி நடக்கப் பழகினார். பஸ்ஸில் யாருடைய ஹெட்போனில் இருந்தாவது அது கசிந்தால் மணியடித்து இறங்கிவிடுவார். நானும் கூட இறங்கி நடக்க வேண்டும். ஆனி மாத வெயிலில் நான் நடந்த தூரத்துக்கு அந்தத் தொந்திக்காரர்கள்தான் பொறுப்பு.

இதற்கிடையில்தான் சம்பந்தம் வந்தது. அண்ணைக்கு வயது நாற்பத்துமூன்று, இன்னும் தனிக்கட்டை. புரோசார்டில் ஜெசிந்தா என்று ஒருவர். வயது முப்பத்தொன்பது, கார்டெரி ஒன்றில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை. கோவில் திருநாளில் கஞ்சி வார்த்துக்கொண்டு நின்றவரை அண்ணை கண்டு, கஞ்சிக்கு மூன்று தரம் வரிசையில் போய், மூன்றாம் தரம் "போதும், வயிறு நிரம்பியிட்டுது" என்று உண்மையைச் சொன்னதில் அவரும் சிரித்திருக்கிறார். இருவருக்கும் விருப்பம். ஆனால் எங்கள் சனத்தில் விருப்பம் மட்டும் போதாது, யாராவது போய்ப் பேச வேண்டும். தந்தி தன் மாமியைப் பிடித்தான்.

பேச்சுக்கால் எப்படி நடக்கும் என்பது வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். மாப்பிள்ளை கடையில் நின்றால் கடை வைத்திருக்கிறார் என்போம். கார் ஓடினால் கம்பனி நடத்துகிறார் என்போம். ஒருவரும் அதைப் பொய்யென்று நினைப்பதில்லை, பெண் வீட்டாரும் கேட்கும்போதே பாதியைக் கழித்துக்கொள்வார்கள். அந்த முறைப்படி தந்தி மாமியிடம் "இத்தாலியில ரெக்கோர்டிங் செய்த ஆள்" என்றான். மாமி ரொக்ஸ்பரோவில் இருந்து புரோசார்டுக்குத் தொலைபேசி எடுத்தபோது அது "இத்தாலியில பாட்டுக்காரர்" ஆகியிருந்தது. பெண்ணின் தமையனார் தொலைபேசியை வைத்தபோது அது "இத்தாலியில பெரிய பாடகர், இப்ப எல்லா இடமும் ஓடுற சைக்கிள் பாட்டு அவரின்ர பாட்டுத்தான்" என்று முடிந்திருந்தது. பாட்டு பழையபடி தோற்றே கிடந்திருந்தால் இந்த ஊதலும் மற்ற ஊதல்களைப் போலக் கழிபட்டுப் போயிருக்கும். அது ஜெயித்துவிட்டதால் கடையில் கிடைத்தது. தமையனார் சிடி வாங்கிவிட்டார்.

அவர் கட்டில், மேசை விற்கும் தளபாடக் கடை ஒன்றில் மனேஜர். எதையும் அளந்து பார்க்காமல் நம்பாத தொழில். ஒரு ஞாயிற்றுக்கிழமை டை கட்டிக்கொண்டு, சிடியும் சிடி பிளேயரும் கையிலெடுத்துக்கொண்டு, மூன்று மாடி ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி குடிக்கவில்லை. பாட்டைத் தொடக்கம் முதல் கடைசி வரை போட்டார். அண்ணை தப்பி ஓட முடியாமல் கதிரையில் இருந்து கேட்டார். அவர் அந்தப் பாட்டை முழுதாகக் கேட்டது அது இரண்டாம் தரம்.

"இதில எது உங்கட குரல்?" என்று தமையனார் கேட்டார்.

அண்ணை திகைத்துவிட்டார். தான் பாடகர் என்று புரோசார்டில் பெயரெடுத்திருப்பது அவருக்கு அப்போதுதான் தெரியும். தந்தி குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். "நான் பாடேல்லை. கை தட்டினனான்," என்றார் அண்ணை. தமையனார் மறுபடியும் பாட்டைப் போட்டார். கைதட்டல் எங்கே என்றார். இதில் இல்லை, முந்தி வந்த ரெக்கோட்டில் இருக்கிறது என்றார் இவர். அது எங்கே கிடைக்கும் என்றார் அவர். எங்கும் கிடைக்காது, ஒருவரும் வாங்கவில்லை என்றார் இவர்.

தமையனார் சிடியைப் பெட்டிக்குள் போட்டு மூடினார். "தம்பி, பாடகர் எண்டு சொல்லிச்சினம், நான் அதில பாதியைக் கழிச்சுப்போட்டுத்தான் வந்தனான். கழிச்ச பிறகு ஏதேனும் மிஞ்ச வேணுமெல்லோ. வெறும் பொய்க்காரனுக்கு என்ர தங்கச்சியைக் குடுக்கேலாது," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

அதற்குப் பிறகு ஒரு கிழமை எங்கள் வீட்டில் பலெர்மோக் கதை ஒலிக்கவில்லை. குளிர்சாதனப்பெட்டி மறுபடி பழுதாகி அதே ஆள் வந்தான். அண்ணை அவனுக்கு வணக்கம் மட்டும் சொன்னார். எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. தந்தி தான் செய்த பாவத்துக்குப் பரிகாரமாகப் பலெர்மோவுக்குத் தொலைபேசி எடுக்கத் தொடங்கினான். அங்கே எங்கள் ஆட்கள் நிறையப் பேர். அண்ணையின் பழைய அறைத்தோழர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தைகளில் இரண்டு மாதம் குனிந்து தேடி, ஒரு குப்பைப் பெட்டியின் அடியில் அந்த ரெக்கோட்டைக் கண்டெடுத்தார். தபாலில் போட்டால் உடைந்துவிடும் என்று, கனடாவுக்கு வந்த ஒரு குடும்பத்தின் வசம் கொடுத்துவிட்டார். அது இரண்டு வேட்டிகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டு, ஒரு கீறலும் இல்லாமல் மொன்றியலில் வந்திறங்கியது.

இப்போது அதைப் போட்டுக் கேட்க மெஷின் இல்லை. எங்கள் சனத்தில் எல்லோரிடமும் டிவிடி இருந்தது, ரெக்கோட் பிளேயர் ஒருவரிடமும் இல்லை. முதலாளியிடம் இருந்தது. ஆனால் அது சென்-லெயோனாரில் அவர் வீட்டுக் கராஜில் நின்றது. ஆவணிக் கடைசியில் குடும்பமே கூடித் தக்காளி சாஸ் காய்ச்சும் நாளில் மட்டும்தான் அவர் அதைத் திறப்பார். எல்லோரையும் அன்றைக்குக் கூட்டிக்கொண்டு வா என்றார்.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமைக் காலையில், புரோசார்ட் தமையனார் வெள்ளைச் சேர்ட்டும் டையுமாகச் சென்-லெயோனாரில் ஒரு கராஜுக்குள் வந்து நின்றார். கூடவே ஜெசிந்தாவும் வந்திருந்தார். இதற்கொரு முடிவு தன் கண்முன் தெரிய வேண்டும் என்று பிடிவாதமாக வந்தாராம். கராஜ் முழுக்கத் தக்காளிப் பெட்டி. மூன்று அண்டாவில் சாஸ் கொதித்துக்கொண்டிருந்தது. சும்மா நிற்பது அந்த வீட்டில் குற்றம். முதலாளியின் மனைவி தமையனாருக்கு ஒரு ஏப்ரனைக் கட்டி, தக்காளி அரைக்கும் மெஷினின் கைப்பிடியைக் கையில் கொடுத்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் டையின் நிறம் மாறிவிட்டது. ஜெசிந்தா போத்தல் கழுவினார். தந்தி ஒரு மூலையில் துளசி ஆய்ந்துகொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக வாயைத் திறக்காமல் இருந்தான்.

முதலாளி கையைத் துடைத்துக்கொண்டு ஊசியை வைத்தார். பழைய பாட்டு புதியதைவிட மெதுவாக, கரகரவென்று தொடங்கியது. பாடியவன் சைக்கிளைக் கேட்டான். பல்லவி வந்தது. கைதட்டல் வந்தது! நான் என்னையறியாமல் அண்ணையின் முதுகில் அறைந்துவிட்டேன். தந்தி துளசியைத் தூக்கி எறிந்தான்.

தமையனார் கைப்பிடியைச் சுற்றுவதை நிறுத்தினார். "ஆறு பேர் தட்டுகினம். அதில ஒராள் இவர்தான் எண்டதுக்கு என்ன அத்தாட்சி?" என்றார்.

எனக்கு அந்த மனிதரைத் தூக்கி அண்டாவுக்குள் போடலாம் போல இருந்தது. ஆனால் கேள்வி நியாயமானது. ஆறு பேர் சேர்ந்து தட்டினால் ஒரு சத்தம்தான் கேட்கும். எல்லோரும் அண்ணையைப் பார்த்தோம். அவர் ரெக்கோட் சுற்றுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் சந்தோஷம் இல்லை. முதலாளியிடம் கடைசிப் பல்லவியை மறுபடி வைக்கச் சொன்னார்.

"முடியிற இடத்தைக் கேளுங்கோ," என்றார்.

கேட்டோம். கூட்டமாகத் தட்டினார்கள், தட்டினார்கள், சொல்லிவைத்தாற்போல ஒன்றாக நிறுத்தினார்கள். பிறகு, எல்லாம் அடங்கிய பிறகு, தன்னந்தனியாக இன்னொரு தட்டு விழுந்தது.

"அது ஆர்?" என்றார் தமையனார்.

"நான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணை, நாங்கள் நான்கு வருடம் கேட்ட கதையின் கேளாத பகுதியைச் சொன்னார். அவர் பிந்திவிட்டார். பாட்டுக்காரன் அவரைப் பிடித்துக் கத்தியிருக்கிறான். திரும்ப எடுக்க ஸ்டூடியோவில் அவர்களுக்கு நேரம் இல்லை, அப்படியே விட்டுவிட்டார்கள். பாட்டு விழுந்ததும், அந்தக் கூட்டுகிறவனின் ஒரு தட்டால்தான் எல்லாம் போச்சு என்று வாசலில் நின்று சொல்லியிருக்கிறார்கள். "நானும் அது உண்மையில்லை எண்டு நினைச்சுப் பாத்தன். இப்ப நான் இல்லாமல் எடுத்திருக்கினம், ஜெயிச்சிட்டுது. அப்ப அவை சொன்னது சரிதானே," என்றார். சொல்லிவிட்டு வழக்கம்போல இரண்டு கையையும் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிறந்தநாளிலும் அரங்கேற்றத்திலும் கோவிலிலும் அந்தக் கை அங்கே போனது தலைக்கனத்தால் அல்ல, பயத்தால். மறுபடியும் பிந்திவிடுவோமோ என்ற பயம். தந்தியும் நானும் அந்தக் கோடை முழுக்க அந்தப் புண்ணிலேயே குத்திக் குத்திச் சிரித்திருக்கிறோம். எனக்கு வெட்கமாக இருந்தது.

முதலாளி இத்தாலியனில் நீளமாக ஏதோ சொன்னார். என்ன சொல்கிறார் என்று தமையனார் கேட்டார். "பாட்டு நல்லதாம்," என்று அண்ணை மொழிபெயர்த்தார். எனக்கு விளங்கிய மட்டில் முதலாளி சொன்னது வேறு. கழுதைக்கு வயிற்றுவலி வந்ததுபோல ஒருவன் பாடியிருக்கிறான், அதை விட்டுவிட்டு எவனோ ஒருவனின் கைமேல் பழி போட்டார்களா என்றுதான் அவர் கத்தினார். தன்னைப் பிடித்துக் கத்தியவனின் மானத்தைக்கூட இந்த மனிதர் காப்பாற்றினார்.

தமையனார் ஏப்ரனில் கையைத் துடைத்தார். "எண்டாலும்..." என்று தொடங்கினார்.

ஜெசிந்தா போத்தலைக் கீழே வைத்தார். "அண்ணா, இவ்வளவு காலமும் எனக்கு வந்தது எல்லாம் எஞ்சினியரும் மனேஜரும். விசாரிச்சா ஒருத்தரும் அது இல்லை. நான் பிந்திட்டன், என்னாலதான் பிழையாப் போச்சுது எண்டு சொல்லிக்கொண்டு ஒருத்தர் வந்தவரோ?"

தமையனார் நிறம் மாறிய டையைச் சரிசெய்தார்.

"நீங்கள் தக்காளியைச் சுத்துங்கோ," என்றார் தங்கச்சி.

தமையனார் சுற்றினார். ஜெசிந்தா போய் முதலாளியிடம் கைச்சாடையால் அந்தக் கடைசி இடத்தை மறுபடி போடச் சொன்னார். அந்தத் தனித் தட்டு விழுந்ததும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தார். நான் எண்ணவில்லை, எப்படியும் ஏழெட்டுத் தரம் போடவைத்திருப்பார். அண்ணை சிவந்துபோய் ஒரு பெட்டித் தக்காளியைத் தானே தூக்கி அண்டாவுக்குப் பக்கத்தில் வைத்தார். அவர் அப்படித் தூக்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கலியாணம் ஐப்பசியில் நடந்தது. கோவிலுக்கு வெளியே கார் நிறுத்தும் இடத்தில் நின்று நான் அவருக்கு டை கட்டிவிட்டேன். அந்தக் கைகளுக்கு டை கட்டிப் பழக்கம் இல்லாததால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. தந்தி உள்ளே யாரிடமோ மாப்பிள்ளையைப் பற்றி ஏதோ வளர்த்துக்கொண்டிருந்தான். அண்ணை நான் முடிச்சுப் போடுவதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தம்பி, உண்மையைச் சொல்லு. அந்த ரெக்கோட் வர முன்னம் நீ என்னை நம்பினனியோ?"

கலியாண நாளில் ஒரு ஓம் சொன்னால் எனக்கு என்ன குறைந்துவிடும்? வாய் வரைக்கும் வந்தது. ஆனால் கராஜில் அத்தனை பேருக்கு முன்னால் தன் பிழையை எடுத்து வைத்த ஆளிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"இல்லை அண்ணை. ஒரு நாளும் நம்பேல்லை," என்றேன். அவர் முகம் வாடியது. "ஆனா வேலை முடிஞ்சு வந்து சோறு போட்டுக்கொண்டு குந்தினா, இண்டைக்கும் அந்தக் கதையைச் சொல்லுவியளோ எண்டு பாத்துக்கொண்டிருப்பன். நீங்கள் சொல்லாத அந்த ஒரு கிழமையும் எனக்குச் சோறு இறங்கேல்லை."

அவர் கோவில் வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு என் தோளில் கையைப் போட்டு, காரின் மேல் சாய்ந்துகொண்டு, கிழவியின் பூனையில் தொடங்கினார். பாதிரியார் இரண்டு தரம் ஆள் அனுப்பினார். தமையனார் வந்து மணிக்கூட்டைக் காட்டிவிட்டுப் போனார். உள்ளே ஓர்கன் தொடங்கிவிட்டது. அண்ணை அப்போது ஸ்டூடியோவின் ஒன்பதாம் படியில் நின்றார், இன்னும் பதின்மூன்று படி இருந்தது, நான் அவரை நிறுத்தவில்லை.